ஆங்கிலத்தில் அனுமதி மறுப்பது: 'கான்ட்', 'மே நாட்', 'மஸ்ட் நாட்', 'நாட் அலவ்ட்' – எதை எங்கே சொல்வது?

கடற்கரைச்சாலை கேட்டது:

விடுதி வரவேற்பறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சித் தாள் ஒன்று தயாராகிறது. விருந்தினர் கேட்டதைக் கொடுக்கிற இடத்தில் சிக்கல் இல்லை; 'ஷ்யூர்', 'ஆஃப் கோர்ஸ்' என்றால் முடிந்தது. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லோரும் 'நாட் பாசிபிள் சார்', 'நாட் அலவ்ட் சார்' இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அது முரட்டுத்தனமாகப் படுகிறது. சொல்பவர்களோ 'சார்' போட்டுப் பணிவாகத்தானே சொல்கிறோம் என்கிறார்கள்.

தெளிவு வேண்டியவை இவை. 'குட் ஐ செக் அவுட் அட் த்ரீ?' என்று கேட்டால் 'நோ, யூ குடின்ட்' என்று பதில் சொல்லலாமா? 'மே ஐ கம் இன்' மரியாதை என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் 'யூ மே நாட்' மரியாதையான மறுப்பா? 'மஸ்ட் நாட்', 'நீட் நாட்', 'டோன்ட் ஹேவ் டு' மூன்றையும் எப்படிப் பிரிப்பது? 'நாட் அலவ்ட்', 'நாட் பெர்மிட்டட்', 'நாட் சப்போஸ்ட் டு' எல்லாம் ஒன்றா? கடைசியாக, நீச்சல் குளத்துக்கும் புகைபிடிப்பதற்கும் வைக்கும் பலகைகளில் எந்த வாசகம் சரி?

அகராதிப் பொருள் கிடைக்கிறது. கேட்பவர் காதில் எப்படி விழும் என்பதுதான் எங்கும் கிடைக்கவில்லை.

---

வினைத்தொகை எழுதியது:

'நோ, யூ குடின்ட்' தவறு. 'குட் ஐ' என்று கேட்கும்போது அந்த 'குட்' கடந்த காலத்தைக் குறிப்பதில்லை. கேட்பவர் தன் கோரிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நீங்கள் மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்கிறார். அந்தத் தயக்கம் கேட்பவருக்கே உரியது. கொடுப்பவரோ மறுப்பவரோ அதைத் திருப்பிச் சொன்னால் பொருந்தாது. 'குட் ஐ' என்ற கேள்விக்கு 'யெஸ், யூ கேன்' அல்லது 'ஸாரி, யூ கான்ட்' என்பதே பதில். அதேபோல 'மைட் ஐ' என்று கேட்டாலும் 'யூ மைட் நாட்' என்று மறுப்பதில்லை. அனுமதியைப் பற்றிப் பேசும்போது 'யூ குடின்ட்' என்பது முன்பு இருந்த தடையைச் சொல்லத்தான் உதவும்: 'இன் தோஸ் டேஸ் யூ குடின்ட் டேக் போட்டோஸ் ஹியர்', அதாவது அந்தக் காலத்தில் இங்கே படம் எடுக்க விடமாட்டார்கள்.

'மே நாட்' விஷயத்தில் பள்ளிப் பாடம் பாதிதான் சொல்கிறது. 'மே ஐ' ஏன் பணிவாக இருக்கிறது? அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்று கேட்பவர் ஒப்புக்கொள்கிறார். அதே சொல்லை மறுப்பவர் எடுத்தால் அதிகாரம் என்னிடம்தான் இருக்கிறது, தர மறுக்கிறேன் என்று அவரே அறிவிப்பதாகிவிடும். கேட்கும்போது குனிகிற சொல் மறுக்கும்போது நிமிர்ந்து நிற்கிறது. ஆசிரியர் மாணவனிடமும் பெற்றோர் பிள்ளையிடமும் சொல்வது அது. விருந்தினரிடம் சொல்லவே கூடாது.

அதற்கு இன்னொரு குறையும் உண்டு. 'கெஸ்ட்ஸ் மே நாட் யூஸ் த ரியர் கேட்' என்று எழுதினால் 'பின்வாசலைப் பயன்படுத்தக் கூடாது' என்றும் படிக்கலாம், 'பயன்படுத்தாமல் இருக்கலாம்' என்றும் படிக்கலாம். பேச்சில் 'நாட்' மீது அழுத்தம் விழுந்தால் தடை, 'மே' மீது விழுந்தால் ஐயம். எழுத்தில் அந்த அழுத்தம் தெரியாது.

இனி, தமிழ் பேசுகிறவர்கள் மிகவும் வழுக்குகிற இடம். 'மஸ்ட்' என்பதற்கு எதிர்மறை இரண்டு. 'மஸ்ட் நாட்' என்றால் செய்யக் கூடாது. 'டோன்ட் ஹேவ் டு', 'நீட் நாட்' என்றால் செய்யத் தேவையில்லை, விரும்பினால் செய்யலாம். நம்முடைய 'வேண்டாம்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 'நாளைக்கு வர வேண்டாம்' என்றால் வரத் தேவையில்லை என்றும் இருக்கலாம், வராதே என்றும் இருக்கலாம். குரலையும் இடத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'மொட்டை மாடிக்குப் போக வேண்டாம்' என்பதை 'யூ நீட் நாட் கோ டு த டெரஸ்' என்று ஆக்கினால், விருந்தினர் அதை 'போக வேண்டிய அவசியமில்லை' என்று எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். அவர்மீது தவறில்லை. எதிர்ப்பக்கம் இதைவிட விசித்திரம்: 'இப்போது பணம் கட்ட வேண்டாம்' என்று நினைத்து 'யூ மஸ்ட் நாட் பே நவ்' என்றால், பணம் கட்டுவதே குற்றம் என்பதுபோல் ஒலிக்கும். இதே 'வேண்டாம்' சிலர் வாயில் 'யூ டோன்ட் வான்ட் டு கோ தேர்' என்று வருகிறது. ஆங்கிலத்தில் அது 'போனால் உனக்குத்தான் ஆபத்து' என்ற எச்சரிக்கை.

பயிற்சியில் ஒரு சோதனை வையுங்கள். ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன் தமிழ் வாக்கியத்தில் 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டு 'கூடாது', 'தேவையில்லை' இரண்டையும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 'கூடாது' பொருந்தினால் 'கான்ட்'. 'தேவையில்லை' பொருந்தினால் 'டோன்ட் ஹேவ் டு'. 'நீட் நாட்' என்பதைப் பயிற்சித் தாளிலிருந்தே நீக்கிவிடலாம். இன்றைய பேச்சில் அது குறைவு, இழப்பு ஒன்றுமில்லை.

'நாட் அலவ்ட்' குடும்பத்தில் பார்க்க வேண்டியது, மறுப்பு யாரிடமிருந்து வருகிறது என்பது. 'யூ மே நாட்' என்றால் பேசுகிறவரிடமிருந்து. 'யூ ஆர் நாட் அலவ்ட் டு' என்றால் வேறு யாரோ போட்ட விதியிலிருந்து, பேசுகிறவர் அதைத் தெரிவிக்கிறார். 'யூ கான்ட்' இரண்டுக்கும் பொது, அதனால்தான் அன்றாடப் பேச்சில் அதுவே அதிகம். 'நாட் பெர்மிட்டட்' என்பதும் 'நாட் அலவ்ட்' என்பதும் பொருளில் ஒன்றுதான். முன்னது எழுத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியது.

'நாட் அலவ்ட்' கடுமையாகப் படுவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுவாய். 'யூ ஆர் நாட் அலவ்ட் டு பார்க் ஹியர்' என்றால் 'யூ' முன்னால் நிற்கிறது, வளர்ந்த மனிதரைப் பிள்ளைபோல் நடத்துவதாகிறது. 'பார்க்கிங் இஸ்ன்ட் அலவ்ட் ஹியர்' என்றால் செயல் முன்னால் நிற்கிறது, ஆள் தப்பித்துவிடுகிறார். 'இட் இஸ் நாட் அலவ்ட் டு பார்க் ஹியர்' என்ற அமைப்பையும் 'நாட் அலவ்ட் ஃபார் பார்க்கிங்' என்பதையும் தவிர்க்கவும். முதலாவது இயல்பான ஆங்கிலம் ஆகாது, இரண்டாவது பிழை.

'நாட் சப்போஸ்ட் டு' தனி ரகம். விதி இருக்கிறது, ஆனால் இறுக்கமாகப் பின்பற்றப்படுவதில்லை என்ற சாயல் அதில் உண்டு. 'யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு டைவ் ஹியர்' என்று கேட்டவர் குதித்தே பார்ப்பார். உயிருக்கு ஆபத்துள்ள எந்த இடத்திலும் இதை வைக்காதீர்கள்.

---

முன்மேசை எழுதியது:

இலக்கணத்தை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். பேச்சுப் பக்கம் சேர்க்கிறேன்.

'சார்' ஏன் உதவவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. 'முடியாது' முகத்தில் அடிக்கும், 'முடியாதுங்க' அடிக்காது. ஆங்கில வினையில் அப்படி ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. 'நாட் பாசிபிள் சார்' என்ற தொடரில் எழுவாய் இல்லை, வினை இல்லை, காரணம் இல்லை. கடைசியில் வரும் 'சார்' அந்த வெறுமையை நிரப்பாது. ஆங்கிலத்தில் மறுப்பின் மரியாதை வாக்கியத்தின் நீளத்திலும் வரிசையிலும்தான் இருக்கிறது.

வரிசை இப்படி: முதலில் சின்ன முன்னறிவிப்பு. அடுத்து, சூழ்நிலையை எழுவாயாக வைத்த மறுப்பு, அதனோடு ஒரே ஒரு காரணம். கடைசியில் நம்மால் கொடுக்க முடிகிற வேறொன்று. மூன்று மணி செக் அவுட்டுக்குச் சொல்வதானால்: 'ஐ ஆம் அஃப்ரெய்ட் த ரூம் இஸ் புக்ட் ஃப்ரம் டூ ஓ க்ளாக், ஸோ வீ கான்ட் எக்ஸ்டெண்ட் இட். யூ ஆர் வெல்கம் டு லீவ் யுவர் பேக்ஸ் வித் அஸ்.' இதில் 'யூ கான்ட்' என்பதே இல்லை. 'யூ' வருகிற ஒரே இடம் கொடுக்கிற இடம். ஊழியர்கள் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைப்பார்கள் என்றால், இதை வையுங்கள்: மறுக்கும்போது 'வீ', கொடுக்கும்போது 'யூ'.

இதில் கெடுகிற இடங்கள் சில. காரணங்களை அடுக்குவது முதலாவது. அறை பதிவாகிவிட்டது, சுத்தம் செய்ய ஆள் இல்லை, மேலாளரும் ஊரில் இல்லை என்று மூன்று சொன்னால், மூன்றையும் விருந்தினர் ஒவ்வொன்றாக உடைக்கப் பார்ப்பார், நம்பிக்கையும் போய்விடும். உண்மையான ஒன்று போதும். 'திஸ் இஸ் அவர் பாலிசி' என்பது காரணமே ஆகாது, எரிச்சலைத்தான் கூட்டும். விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.

'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்றால் பயம் என்று நினைத்து ஊழியர்கள் தயங்குவார்கள். மறுப்புக்கு முன் வரும்போது அது 'சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால்' என்ற அளவுதான். 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று 'ஆஃப்' சேர்ந்தால்தான் பயம். 'ஸாரி' நம் பக்கம் தவறு இருக்கும்போது கனமாக வேலை செய்யும். விதியையோ நேரத்தையோ சொல்லி மறுக்கும்போது 'அஃப்ரெய்ட்' பொருத்தம். இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஸாரி' போட்டால், மன்னிப்புக் கேட்கிறவர் இன்னும் இறங்கி வருவார் என்ற எண்ணம் வந்துவிடும். 'அன்ஃபார்ச்சுனட்லி' கடிதத்தில் நன்றாக இருக்கும், வாயில் கொஞ்சம் விறைப்பு.

உச்சரிப்பு பற்றி யாரும் சொல்லாதது ஆச்சரியம். ஆபத்து அங்கேதான் அதிகம். 'யூ கேன் கோ' என்று ஆங்கிலேயரோ அமெரிக்கரோ சொன்னால் 'கேன்' நசுங்கி 'கன்' போல ஒலிக்கும், அழுத்தம் 'கோ' மீது. 'கான்ட்' ஒருபோதும் நசுங்காது. பிரித்தானியர் 'கா' என்று நீட்டுவார்கள். அமெரிக்கர் 'கேன்ட்' என்பார்கள், கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது. ஆக, அவர்கள் காது 'ட்' ஒலியைத் தேடுவதில்லை. உயிரொலி முழுசாக அழுத்தமாக வந்ததா என்றுதான் பார்க்கிறது. நாம் 'யூ கேன் யூஸ் த பூல்' என்று 'கேன்' மீது அழுத்தம் கொடுத்துச் சொன்னால் அமெரிக்கருக்கு மறுப்பாகக் கேட்கலாம். 'யூ கேன்ட்' என்று 'ட்' போடாமல் விட்டால் அனுமதியாகவும் கேட்கலாம். தீர்வு எளிது. அனுமதிக்கு 'யெஸ், யூ கேன்', மறுப்புக்கு 'நோ' அல்லது 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று முன்னால் ஒரு சொல் எப்போதும் இருக்கட்டும். அவசரமான இடத்தில் 'கெனாட்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

'டூ யூ மைண்ட் இஃப் ஐ ஸ்மோக்?' என்ற கேள்வியையும் தாளில் சேருங்கள். கேள்வி 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா' என்பது. சரி என்ற நினைப்பில் 'யெஸ் சார்' என்றால் ஆட்சேபணை உண்டு என்று பொருள். அனுமதிக்க 'நாட் அட் ஆல்'. மறுக்க 'யெஸ், ஐ மைண்ட்' என்று சொல்லாதீர்கள், அது சண்டைக்கு இழுப்பது. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் இட்ஸ் நோ ஸ்மோக்கிங் இன் ஹியர். தேர் இஸ் எ பிளேஸ் அவுட்சைடு' என்று கேள்வியின் 'மைண்ட்' சொல்லைத் தொடாமலே பதில் சொல்லிவிடலாம்.

நாம் நயமாக மறுக்கும் 'பார்க்கலாங்க' ஆங்கிலத்தில் போய்ச் சேராது. 'ஐ வில் ட்ரை', 'வீ வில் ஸீ' என்றால் விருந்தினர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு மறுபடி வந்து நிற்பார். 'கொஞ்சம் கஷ்டங்க' என்பதற்குப் பிரித்தானிய ஆங்கிலத்தில் அச்சான இணை உண்டு: 'தட் மைட் பி எ பிட் டிஃபிகல்ட்'. பிரித்தானியருக்கு அது 'இல்லை' என்று புரியும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு, கடினம், ஆனால் முயன்றால் நடக்கும் என்றே புரியும். பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யாவிலிருந்து வருகிறவர்களிடம் சுற்றி வளைக்காமல் 'நோ, ஸாரி' என்று தொடங்கிக் காரணத்தையும் மாற்று வழியையும் சொல்வதே மரியாதை.

---

கோப்புக்கட்டு எழுதியது:

எழுத்தில் மறுப்பதைப் பற்றி.

'மே நாட்' இரட்டைப் பொருள் தருவது இலக்கணக்காரர்களின் கவலை மட்டுமன்று. ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் தரநிலைகளை எழுதுவதற்கான விதிகள், தடையைச் சொல்ல 'ஷல் நாட்' என்பதற்குப் பதில் 'மே நாட்' எழுதக் கூடாது என்றே சொல்கின்றன. இணைய நெறிமுறைகளை எழுதுவதற்கான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் 1997இல் வந்தது. அதில் 'மஸ்ட் நாட்', 'ஷல் நாட்' இரண்டும் முழுத் தடை, 'ஷுட் நாட்' தகுந்த காரணம் இருந்தால் மீறலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். 'மே' இருக்கிறது, 'மே நாட்' அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு 'த ஸ்டேட் ஷல் நாட் டினை' என்று தொடங்குகிறது, 21ஆம் உறுப்பு 'நோ பர்சன் ஷல் பி டிப்ரைவ்ட்' என்று. சட்டத்தில் அந்த 'ஷல் நாட்' கம்பீரமாக இருக்கும். விடுதிப் பலகையில் எழுதினால் விருந்தினரைக் கூண்டில் ஏற்றியது போலாகும்.

கடிதத்தில் வரும் வினைகளுக்கும் தரவரிசை உண்டு. 'டிக்லைன்' மென்மையானது. கோரிக்கை, அழைப்பு, வாய்ப்பு மூன்றையும் 'டிக்லைன்' செய்யலாம். 'ரெஃப்யூஸ்' உறுதியானது, மறுப்பவரின் மனம் அதில் தெரியும். 'ரிஜெக்ட்' என்றால் பொருளையே எடைபோட்டுத் தகுதியில்லை என்று தள்ளியது. விண்ணப்பம், முன்மொழிவு, பொருட்சரக்கு ஆகியவற்றோடு வரும். ஒருவரின் விடுப்புக் கடிதத்தை 'ரிஜெக்டட்' என்று எழுதினால் கடிதத்தைத் தாண்டி ஆளையே தள்ளியதுபோல் படும். 'நாட் அப்ரூவ்ட்' போதும். 'டினை' நுழைவு, உரிமை, அனுமதி ஆகியவற்றோடு வரும், அதில் கதவு சாத்தும் ஓசை உண்டு. 'டர்ன் டவுன்' பேச்சு வழக்கு.

நம் அலுவலகங்களில் 'யுவர் ரிக்வெஸ்ட் கெனாட் பி அக்சீடட் டு' என்றும், கோப்பின் ஓரத்தில் 'ரிக்வெஸ்ட் ரிக்ரெட்டட்' என்றும் எழுதுவது வழக்கம். உள்நாட்டில் எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டவர் 'ரிக்ரெட்டட்' என்பதைப் படித்து, கோரிக்கைக்காக யார் வருந்துகிறார்கள் என்று குழம்புவார். 'வீ ஆர் அனேபிள் டு' என்று எழுதுங்கள். 'வீ ஆர் நாட் இன் எ பொசிஷன் டு' அதைவிட நீளம், அவ்வளவுதான்.

'லீவ்' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் அனுமதிதான். உச்ச நீதிமன்றத்தில் 136ஆம் உறுப்பின்கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுவில் 'லீவ் கிராண்டட்' என்றால் மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்தது என்று பொருள். இங்கிலாந்தில் 1999இல் புதிய உரிமையியல் நடைமுறை விதிகள் நடப்புக்கு வந்தபோது 'லீவ்' இருந்த இடத்தில் 'பெர்மிஷன்' வைத்துவிட்டார்கள். பிரித்தானியக் குடிவரவில் 'லீவ் டு என்டர்' இன்னும் இருக்கிறது. அது 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் விடுமுறை பற்றிய பேச்சல்ல.

புகைபிடிக்கும் பலகையில் உங்கள் விருப்பத்துக்கு இடமே இல்லை. 2008ஆம் ஆண்டு பொது இடங்களில் புகைபிடித்தல் தடை விதிகள் பலகையின் வாசகத்தையே தந்துவிடுகின்றன: 'நோ ஸ்மோக்கிங் ஏரியா – ஸ்மோக்கிங் ஹியர் இஸ் அன் அஃபென்ஸ்'. பின்னணி வெள்ளை, அளவு குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அதை 'தேங்க் யூ ஃபார் நாட் ஸ்மோக்கிங்' என்று இனிப்பாக்கிவிட்டு, சட்டப்படி பலகை வைத்தாயிற்று என்று இருக்காதீர்கள். இனிப்பான வாசகம் வேண்டுமானால் சட்டப் பலகை இருக்க, அதற்குத் துணையாக மேசைமேல் வைக்கலாம். 30 அறைகளும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்க அந்த விதிகள் வழி விடுகின்றன. அப்படி ஓர் இடம் இருந்தால் மறுப்போடு அதைக் காட்டிவிடலாம்.

---

அக்கரைச்சீமை எழுதியது:

'மே நாட்' விருந்தினரிடம் சொல்லவே கூடாது என்பதைப் பேச்சுக்கு மட்டும் ஏற்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழக விதிகளிலும் விமான நிறுவன நிபந்தனைகளிலும் 'ஸ்டூடன்ட்ஸ் மே நாட்', 'பாசஞ்சர்ஸ் மே நாட்' என்பது சாதாரணம். அங்கே நேருக்கு நேர் ஆள் இல்லை, எழுவாயும் 'யூ' இல்லை. அதனால் யாரும் புண்படுவதில்லை. தரநிலை ஆவணத்துக்கு வேண்டிய கறார் எல்லா எழுத்துக்கும் வேண்டியதில்லை. அமெரிக்க வீடுகளில் பிள்ளைகளிடம் 'நோ, யூ மே நாட்' இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வரவேற்பறையில் அதே வாக்கியம் வந்தால் அம்மா திட்டுவது போலவே இருக்கும் என்பதால், பேச்சில் தவிர்க்கச் சொன்னது சரி.

'மஸ்ன்ட்' பற்றி ஒன்று. பிரித்தானியர் அதைப் பிள்ளைகளிடம் இயல்பாகச் சொல்வார்கள். அமெரிக்கர் வாயில் அது அரிது, கேட்டால் பழைய கதைப் புத்தகம்போல ஒலிக்கும். இரு நாட்டாரும் வரும் இடத்தில் 'கான்ட்' பாதுகாப்பு. 'மஸ்ட் நாட்' என்று பிரித்து எழுதினால் இரு பக்கமும் கடுமை. ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'கைண்ட்லி டோன்ட்' என்பதையும் பயிற்சியில் எடுத்துவிடுங்கள். இந்தியாவில் அது உண்மையாகவே பணிவு. அங்கே 'வுட் யூ கைண்ட்லி' என்பது பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது. 'ப்ளீஸ் டோன்ட்' போதும், 'ப்ளீஸ்' மீது அழுத்தம் விழாமல். அழுத்தினால் அதுவும் கெஞ்சலாகவோ அதட்டலாகவோ மாறும்.

---

கடற்கரைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 'மறுக்கும்போது வீ, கொடுக்கும்போது யூ' தாளின் தலைப்பாகவே போகிறது. இன்னும் இரண்டு. பாடநூலில் 'ஐட் ராதர் யூ டிடன்ட்' நயமான மறுப்பு என்றிருக்கிறது, ஊழியர்கள் சொல்லலாமா? முன்மேசை அவர்கள் சொன்ன வரிசையில் அழகாக மறுத்த பிறகும் விருந்தினர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டால் என்ன சொல்வது?

---

முன்மேசை எழுதியது:

'ஐட் ராதர் யூ டிடன்ட்' பேசுகிறவரின் சொந்த விருப்பம். விடுதி விதிக்கு அதைப் பயன்படுத்தினால், உங்கள் விருப்பம் இருக்கட்டும், விதி என்ன என்று கேட்பார்கள். ஊழியர் தன்னைப் பற்றி மறுக்கும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஊழியரைப் படம் எடுக்க விருந்தினர் கேட்கிறார், அவருக்கு விருப்பமில்லை: 'ஐட் ராதர் யூ டிடன்ட், இஃப் தட்ஸ் ஓகே.' 'டிடன்ட்' கடந்த காலம்போல் இருந்தாலும் பேச்சு இப்போதைப் பற்றியது. 'ஐட் ராதர் யூ டோன்ட்' என்று மாற்றாதீர்கள். பெண் ஊழியர்களுக்கு இந்த வாக்கியத்தைக் கட்டாயம் பழக்குங்கள். மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதையும், அதை மரியாதை கெடாமல் சொல்லும் வழியையும் அது ஒன்றாகவே தருகிறது.

'யூ ஹேட் பெட்டர் நாட்' இதன் உறவுபோல் தெரியும், உறவே இல்லை. செய்தால் விளைவு மோசமாக இருக்கும் என்ற மிரட்டல் அதில் உண்டு. 'யூ பெட்டர் டோன்ட்' என்று நம் ஊரில் சொல்வது பிழை, அதோடு மிரட்டலும்.

இரண்டாம் முறை கேட்டால் சொற்களைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதல் முறை வெறும் 'நாட் பாசிபிள்', விருந்தினர் முகம் சுளித்ததும் ஐந்து மன்னிப்பு. அப்போது, அழுத்தினால் இளகும் என்று விருந்தினர் கற்றுக்கொள்கிறார். முதல் முறை முழு வரிசை. இரண்டாம் முறை முன்னறிவிப்பை எடுத்துவிட்டு அதே காரணம், அதே சொற்களில்: 'வீ கான்ட் எக்ஸ்டெண்ட் இட். த ரூம் இஸ் புக்ட் ஃப்ரம் டூ ஓ க்ளாக்.' காரணத்தை மாற்றினால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். மூன்றாம் முறை: 'ஐ அண்டர்ஸ்டாண்ட், பட் த ஆன்சர் இஸ் நோ.' குரல் உயரக் கூடாது, வேகம் குறைய வேண்டும். அதற்கு மேல் மேலாளர்.

இரவில் வெளியாரை அறைக்கு அழைத்துப் போகக் கேட்பது போன்ற இடங்களில் 'ஐ வோன்ட் லெட் யூ' என்று வாய் தவறக் கூடாது. 'வோன்ட்' என்றால் விடமாட்டேன் என்ற சொந்தப் பிடிவாதம். 'ஐ கான்ட் லெட் விசிட்டர்ஸ் அப் ஆஃப்டர் டென்' என்றால் கை கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஓரெழுத்து வித்தியாசம்போல் இருக்கிறது, சண்டை வருவதும் வராததும் அதில்தான்.

---

வினைத்தொகை எழுதியது:

நீச்சல் குளப் பலகை மீதமிருக்கிறது. ஆபத்தையும் வழக்கத்தையும் ஒரே பலகையில் ஒரே தொனியில் எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் 'ப்ளீஸ்' போட்டால் எது உயிர் போகும் விஷயம் என்று தெரியாது.

ஆபத்துக்கு வெறும் ஏவல், 'ப்ளீஸ்' இல்லாமல், பெரிய எழுத்தில்: 'நோ டைவிங்'. அதன் அடியிலேயே ஆழம், மீட்டரில். 'டைவிங் இஸ் ஸ்ட்ரிக்ட்லி ப்ரொஹிபிட்டட்' வேண்டாம். 'ஸ்ட்ரிக்ட்லி' போட்ட பலகை ஒன்று இருந்தால், அது இல்லாத பலகையெல்லாம் தளர்வானது என்றாகிவிடும். பிள்ளைகளுக்கு: 'சில்ட்ரன் மஸ்ட் பி வித் அன் அடல்ட்'. இங்கே 'சில்ட்ரன் ஆர் நாட் அலவ்ட்' என்று தொடங்கி 'வித்தவுட்' என்று முடித்தால் பாதியைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

வழக்கங்களுக்கு 'ப்ளீஸ்' போட்டு, செய்யச் சொல்வதாகவே எழுதுங்கள்: 'ப்ளீஸ் ஷவர் பிஃபோர் யூ ஸ்விம்', 'ப்ளீஸ் கீப் கிளாஸ் அவே ஃப்ரம் த பூல்'. 'ப்ளீஸ் ரிஃப்ரெய்ன் ஃப்ரம்' பிழையில்லை, ஆனால் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கு 'ரிஃப்ரெய்ன்' புரியாது, ஈரக் கண்ணோடு படிப்பவருக்கு நீளமும் அதிகம். நேரத்துக்கு மறுப்பே தேவையில்லை. 'நோ ஸ்விம்மிங் ஆஃப்டர் செவன்' என்பதைவிட 'பூல் ஓப்பன் 7 டு 7' என்று எழுதிவிடுங்கள்.